கை வைத்தவன்

அந்த வீட்டில் இரண்டைத் தொடக் கூடாது. ஒன்று, பேக்கரியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலெல்லாம் குறட்டை விடும் அண்ணன். இன்னொன்று, முன்னறை மூலையில் இருக்கும் அண்ணியின் கம்ப்யூட்டர். அண்ணனைத் தொட்டால் நாலு திட்டு விழும், அதோடு போகும். கம்ப்யூட்டரைத் தொட்டால் அண்ணி திட்ட மாட்டாள். அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டாள். அதற்குத் திட்டே தேவலாம் என்று தோன்றிவிடும்.

துணி வெட்டுகிற பட்டறைகளுக்குப் பேட்டர்ன் போட்டுக் கொடுப்பது அண்ணியின் வேலை. சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து, துணியின் அகலத்துக்குள் ஒன்றையொன்று இடிக்காமல், இடைவெளியும் விடாமல் நெருக்கி அடுக்க வேண்டும். ஒரு விரல் அகலத் துணி வீணானாலும் கட்டிங் மாஸ்டர் முகத்தைச் சுளிப்பார். அண்ணி அடுக்கிக் கொடுத்தால் அவர் சுளிப்பதற்கு வழியே இருக்காது. ஆனால் அந்தப் புரோகிராம் ரொம்பப் பழசு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டுப் போயாயிற்று. வருஷக்கணக்காக அவள் போட்டு வைத்திருந்த பேட்டர்ன் எல்லாம் அதில் மட்டும்தான் திறக்கும். அந்தப் புரோகிராமோ அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும்.

கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது. காலையில் அண்ணி அதைப் போட்டுவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, டீ போட்டு, சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் திரை மெல்லக் கண் விழித்துக்கொண்டிருக்கும். அதனால் கடைக்குப் போனாலும் பட்டறைக்குப் போனாலும் அதை நிறுத்தாமலே போவாள். அவள் மாமியாருக்கு, அதாவது அண்ணன், அவன் தம்பி சின்னவன் இருவரின் அம்மாவுக்கு, ஆளில்லாமல் எது ஓடினாலும் மனசு கேட்காது. விசிறியோ விளக்கோ எதுவானாலும் போய் அணைத்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு உட்கார முடியும். கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் அண்ணி பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அம்மா அதை ஓரமாக உரித்துவிட்டு அணைப்பாள். அண்ணி மறுபடி ஒட்டுவாள். இந்தச் சண்டை சத்தமில்லாமல் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

சின்னவன் லிப்ட் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் தேறாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, "எதையும் கழட்டிப் பாக்குற கை இது, வீணாக்கக் கூடாது" என்று சொல்லித் தொழில் படிக்க அனுப்பியவள் அண்ணிதான். அண்ணிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அவள் சம்பாத்தியத்தைப் பார்த்தால் இவன் என்ன வாங்கிக் கொடுத்தாலும் எடுபடாது. அந்த நேரத்தில் ஓர் அலுவலகத்தில் லிப்ட் பழுதுபார்க்கப் போனவன், படிக்கட்டுக்குக் கீழே பழைய கம்ப்யூட்டர்களைக் குப்பையாகக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தான். காவலாளியைக் கேட்டு ஒன்றிலிருந்து அதன் மூளையான புராசஸரைக் கழற்றிக்கொண்டான். அண்ணியின் கம்ப்யூட்டருக்குப் பொருந்தக்கூடியது, அதைவிடப் பல மடங்கு வேகமானது. விசாரித்துத்தான் எடுத்தான். அந்த வகையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அண்ணி பட்டறைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் வேலையை ஆரம்பித்தான். வெளியே அனல். தெருவில் நாய்கூட நடமாடவில்லை. அண்ணன் உள்ளறையில், அம்மா சமையலறைத் தரையில், இருவரும் தூக்கம். சின்னவன் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தி, வயர்களைப் பிடுங்கி, பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தான். தூசியை ஊதித் துடைத்தான். புராசஸரின் மேல் விசிறியோடு சேர்ந்த அலுமினியக் கட்டை உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த பசை பல வருஷச் சூட்டில் காய்ந்து இறுகிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடு ஏற்றியிருந்தால் பசை இளகியிருக்கும், நோகாமல் திருகி எடுத்திருக்கலாம். சின்னவனோ பல மாடிக் கட்டடத்தில் கம்பியில் தொங்கும் பெட்டியையே கையால் அசைப்பவன். கட்டையைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். படக்கென்று வந்தது. புராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிய்ந்து அதன் அடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. பிளேடால் நெம்பிப் பிரித்தான். ஒரு மூலையில் பின்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. பழசுதானே என்று ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பையில் ஏற்கெனவே நாலு திருகாணி இருந்தது.

புதியது அழகாகப் போய் உட்கார்ந்தது. பசை தடவி, கட்டையை மாட்டி, சுவிட்சைப் போட்டான். அவன் கையைத் துடைத்து முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. அவனுக்கே நம்ப முடியவில்லை. ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தான், பாட்டுப் போட்டுப் பார்த்தான். எல்லாம் தடங்கலில்லாமல் ஓடியது. எல்லாவற்றையும் திறந்து பார்த்தவன் அண்ணியின் பேட்டர்ன் புரோகிராமை மட்டும் திறக்கவில்லை. அதைத் தொட்டு எதையாவது கலைத்துவிடுவோமோ என்று பயம். அண்ணி விட்டுப்போன மாதிரியே கம்ப்யூட்டரை ஓடவிட்டு, தெருமுனைக்கு டீ குடிக்கப் போனான்.

அவன் திரும்புவதற்குள் அம்மா எழுந்து வந்து பிளாஸ்திரியை உரித்துச் சுவிட்சை அணைத்திருந்தாள். அதைப் பார்த்து அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

வெயில் தாழ அண்ணி வந்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டதும் திரை சட்டென்று வந்தது.

"என்னது, இன்னிக்கு உடனே வந்துடுச்சு?" என்றாள் அண்ணி.

சின்னவன் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. அதற்குள் அண்ணி புரோகிராமைத் திறந்தாள். திரையின் நடுவில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. சாவி எண் செல்லாது, புதிய எண்ணைக் கொடுக்கவும் என்று இங்கிலீஷில் இரண்டு வரி.

அண்ணி மூடிவிட்டுத் திறந்தாள். அதே கட்டம். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போட்டாள். அதே கட்டம்.

சின்னவனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. லிப்டில் ஒரு போர்டை மாற்றினால் அதை ஓட்டுகிற கன்ட்ரோலர் இப்படித்தான் பூட்டிக்கொள்ளும், கம்பெனிக்காரன் எண் கொடுத்தால்தான் அசையும். தினம் தினம் பார்க்கிறவன். இந்தப் புரோகிராமும் கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பதை அடையாளம் வைத்து ஓடுகிறது. அடையாளத்தை இவன் மாற்றிவிட்டான். எண் கொடுக்கக் கம்பெனியும் இல்லை.

"யாரு இதை அணைச்சது?" என்று அண்ணி கேட்டாள். குரல் உயரவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "நான்தாம்மா. ஆளில்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போது பட்டுனு அணைச்சா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போகும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அத்தை? எத்தனை தடவை?"

"எப்பவும் அணைக்கிறதுதானேம்மா... எப்பவும் ஒண்ணும் ஆகலையே."

"இன்னிக்கு ஆயிடுச்சு. எல்லாம் போச்சு. பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர், எல்லா சைஸும் போட்டு முடிச்சு வச்சிருந்தேன். மாஸ்டர் துணியை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

அப்போது சின்னவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அவன் மனசு வேறு கணக்குப் போட்டது. நாளைக்கு அண்ணி வெளியே போனதும் பழைய புராசஸரையே மாட்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். ஓடிய பிறகு எதற்குச் சொல்லி அண்ணியிடம் பேர் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஒரு நாள்தானே, அம்மா தாங்கிக்கொள்ளமாட்டாளா?

அவன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அண்ணி வார்த்தையை விட்டுவிட்டாள்.

அம்மா பயத்தில் ஏதோ பேச வேண்டுமே என்று, "கரன்ட் வீணாகுதேன்னுதாம்மா..." என்று இழுத்தாள். அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வீணாகுதா? சம்பாதிச்சுக் கொடுக்கவும் மாட்டீங்க, சம்பாதிக்கிறவளையும் விட மாட்டீங்க. தின்னுட்டுச் சும்மா இருக்கிறது ஒண்ணுதான் உங்க வேலை. அதையாவது ஒழுங்கா செய்யக் கூடாதா?"

உள்ளறையில் குறட்டை நின்றது. அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், அப்போதுதான் எதையோ சாப்பிட்டு முடித்த மாதிரி. பிறகு சமையலறைக்குப் போனாள். அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "என்ன?" என்றான்.

மறுநாள் அண்ணி தன் நிலைமையைச் சொல்லக் கட்டிங் மாஸ்டரிடம் போனதும், சின்னவன் வேலைக்குப் போகாமல் பெட்டியைத் திறந்தான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தான். திருகாணிகளோடு சேர்ந்து உருண்டதில் பழைய புராசஸரின் பின்கள் தாறுமாறாகப் படுத்துக் கிடந்தன. முடி அளவுப் பின்கள். பிளேடு முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. கடைசி வரிசையில் ஒன்று பட்டென்று ஒடிந்தது. அதன் பக்கத்தில் இருந்ததும் போயிற்று. இருந்தும் மாட்டிப் பார்த்தான். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. வேறு வழியில்லாமல் புதியதையே திரும்ப மாட்டிப் பெட்டியை மூடினான்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி பண்ண முடியுமாப்பா?"

"பாக்குறேம்மா."

"எப்படியாவது சரி பண்ணிடுப்பா. நான் இனிமே அது பக்கமே போகமாட்டேன்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

அன்று மாலையே அண்ணி ஒரு கம்ப்யூட்டர்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கேயோ பார்த்தபடியே பேசுகிற மெலிந்த மனிதர். உட்கார்ந்து அதையும் இதையும் தட்டிப் பார்த்தார்.

"திடீர்னு கரன்ட் போனாலும் இப்படிச் சில சமயம் ஆகும்மா. சாவி இருக்கிற பைல் அடிபட்டிருக்கும். வேற காரணமும் இருக்கலாம். உள்ள ஏதாவது மாத்தினீங்களா? யாராவது கை வச்சீங்களா?"

"இங்க யாரு கை வைப்பா?" என்றாள் அண்ணி.

கம்ப்யூட்டர்காரர் சின்னவனைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியாது, பக்கத்தில் நின்றதால் பார்த்திருப்பார். சின்னவன், "இல்லை" என்றான். முதல் நாள் சும்மா நின்றது ஒரு கணக்கு. வாயைத் திறந்து பொய் சொன்னது வேறு கணக்கு. அது அவனுக்கே தெரிந்தது.

"அப்போ ஒண்ணும் பண்றதுக்கில்லைம்மா," என்று எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணி பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, ஸ்கேலும் பென்சிலுமாகக் கையாலேயே பேட்டர்ன் போட ஆரம்பித்தாள். முட்டி போட்டுத் தவழ்ந்து தவழ்ந்து வரைவாள், எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அம்மா வீட்டில் இருக்கிற இடம் தெரியவில்லை. தட்டில் ஒரு கைப்பிடி சோற்றை வைத்துக்கொண்டு யாரும் பார்க்காத நேரத்தில் சாப்பிட்டாள். கேட்டால், "போதும்ப்பா, வேலையில்லாத உடம்பு" என்றாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிச் சொன்னாள். வாரக் கடைசியில் துணிப்பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, "பெரியவளைப் பாத்து நாளாச்சு, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டவன் சின்னவன்தான். ஜன்னல் வழியாக, "அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசையா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் திரும்பி வந்தபோது மழைக்கு முந்திய புழுக்கம். காகிதம் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, அண்ணி குனிந்து காலர் வளைவைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"ஏத்தி விட்டியா? உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"சோறு மூடி வச்சிருக்கேன். முட்டை இருக்கு. போய்ச் சாப்பிடு தம்பி, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை நீ."

சாப்பிடு என்று அவள் சொன்னதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

"அண்ணி, அம்மா அணைச்சதால இல்லை. நான்தான்."

"என்ன நீதான்?"

"புராசஸரை மாத்தினேன். வேகமா ஓடட்டும்னு. அதனாலதான் சாவி கேக்குது. பழசைத் திரும்பப் போடலாம்னு பாத்தேன், பின்னு ஒடிஞ்சு போச்சு."

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு? அந்தக் கட்டம் வந்தப்பவே?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் நின்னியா?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஏன்டா சொல்லலை? சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன். உன்னை என்ன திட்டினாலும் மறுநாள் வந்து அண்ணி சோறுன்னு நிப்ப. அவங்களைப் போய்ச் சொல்லிட்டேனே. சாப்பாட்டைச் சொல்லிட்டேனேடா." அவள் ஸ்கேலைத் தள்ளி வைத்தாள். "கம்ப்யூட்டர் போனா போகுது. அந்தப் பேச்சை எப்படித் திருப்பி எடுக்கிறது?"

தன் தவறு ஒரு மெஷினோடு நின்றுவிட்டதாகத்தான் சின்னவன் அதுவரை நினைத்திருந்தான். யாரையும் ஒரு சொல் சொல்லாத அண்ணியையே இப்படிப் பேசவைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை அடைக்க இருவருமே எழுந்திருக்கவில்லை. காகிதத்தின் ஓரம் நனைந்தது.

கம்ப்யூட்டர்காரரை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சின்னவனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் ஒடிந்த புராசஸரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அதன் மேல் இருந்த எண்ணைப் படித்தார்.

"இதே மாடல் என்கிட்ட குப்பையில நாலஞ்சு கிடக்குமே. அந்தக் காலத்துப் புரோகிராம் எல்லாம் மாடலைத்தான் பாக்கும். போட்டுப் பாப்போம்." மாட்டினார். திரை பழையபடி மெதுவாக, மிக மெதுவாக வந்தது. புரோகிராம் ஒன்றும் கேட்காமல் திறந்தது. சைஸ் வாரியாக யூனிபார்ம் பேட்டர்ன் எல்லாம் அப்படியே இருந்தன. "அன்னிக்கே கேட்டேனே தம்பி, யாராவது கை வச்சீங்களான்னு. அப்பவே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "கிளம்பு, அத்தையைக் கூட்டிக்கிட்டு வருவோம்" என்றாள்.

அக்கா வீட்டில் அம்மா பின்வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் மடித்ததை அவசரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "என்னம்மா, ரெண்டு பேருமா? பெரியவனுக்கு ஒண்ணும் இல்லையே?"

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

"அட, விடும்மா. நீ ராப்பகலா உழைச்சதை நான் நாசம் பண்ணினேன். கோபம் வராதா? மெஷினு என்ன ஆச்சு?"

"ஓடுது அத்தை. நல்லா ஓடுது."

"அப்பாடா!" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"அம்மா," என்றான் சின்னவன். "நீ எதுவும் பண்ணலை. நான்தான் உள்ள இருக்கிறதை மாத்திக் கெடுத்தேன். நீ அணைச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அம்மா அவனைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் நிறைந்தது. அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாம்மா இவனை? நான் மனசு கஷ்டப்படறேன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறான்."

"இல்லைம்மா, நிஜமாவே நான்தான். புராசஸர்னு ஒண்ணு..."

"அத்தை, அவன் சொல்றது நிஜம்தான்," என்றாள் அண்ணி.

"நீயும் அவனோட சேர்ந்துக்கிட்டியா? உங்க ரெண்டு பேருக்கும் நல்ல மனசு. என் கையால அணைச்சேன், எனக்குத் தெரியாதா?" அவன் கன்னத்தைத் தடவினாள். "சரிப்பா, நீதான். போதுமா?"

அழுகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி அதைச் சொன்னாள். அவன் புராசஸரையும் பின்னையும் பசையையும் பற்றி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவன் சொல்லச் சொல்ல அவளுக்குப் பெருமை கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, "எனக்காகப் பொய் சொல்றான், பாரு" என்று அவளிடமும் சொன்னாள். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள் அந்த அடுத்த வீட்டுக்காரி.

அக்கா எல்லோருக்கும் தட்டு வைத்தாள். அம்மா சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தட்டில் தானே பரிமாறினாள். அண்ணி இன்னொரு தட்டில் சோற்றைப் போட்டு அம்மாவின் முன்னால் நகர்த்தினாள்.

"நீங்களும் சாப்பிடுங்க அத்தை."

"எனக்கு இப்பெல்லாம் பசியே எடுக்கிறதில்லைம்மா," என்றாள் அம்மா. தட்டை மெல்ல அண்ணியின் பக்கமே தள்ளி வைத்தாள். "அவன் சாப்பிடட்டும். நல்லா சாப்பிடுப்பா."

சின்னவன் சாப்பிட்டான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.